மிசூலா முதல் செயிண்ட் லூயிஸ் வரை: 1897இன் மிதிவண்டிப் படையும் சார்ஜெண்ட் மிங்கோ சாண்டர்ஸும்

1897 ஜூன் 14 அன்று விடியற்காலையில், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள மிசூலாக் கோட்டையிலிருந்து 23 பேர் மிதிவண்டிகளில் புறப்பட்டனர். அவர்களுள் இருபது பேர் 25ஆம் காலாட்படை ரெஜிமெண்டின் கறுப்பினப் படைவீரர்கள். எஞ்சிய மூவர் வெள்ளையர்: படையை நடத்திய லெஃப்டினண்ட் ஜேம்ஸ் மாஸ், மருத்துவர் ஜேம்ஸ் கென்னடி, மிசூலா நகரின் நாளிதழ்ச் செய்தியாளர் எட்வர்ட் பூஸ். பூஸுக்கு அப்போது வயது 19. 41ஆம் நாளான ஜூலை 24 அன்று அப்படை மிசூரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் நகரை அடைந்தது. கடந்த தொலைவு ஏறத்தாழ 1,900 மைல். இன்றைய கணக்கில் 3,050 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

மிதிவண்டியின் வரலாற்றை எழுதுவோர் இப்பயணத்தை ஒரு வியப்புச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். படைத்துறை வரலாற்றாசிரியர்களுக்கோ இது தொடர்ச்சி இல்லாமல் கைவிடப்பட்ட ஒரு சோதனை. இரு தரப்பினரும் அதிகம் கேளாத கேள்வி ஒன்று உண்டு. இப்பயணத்தை நாம் எவர் சொல்லின் வழியாக அறிகிறோம்? மிதித்தவர்கள் இருபது பேர், எழுதியவர்கள் இருவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, அப்பயணத்தின் மூத்த வீரரான சார்ஜெண்ட் மிங்கோ சாண்டர்ஸ் படையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர்மீதும் அவருடைய தோழர்கள்மீதும் அரசு சுமத்திய பழி, அவர்கள் வாய் திறக்க மறுத்தார்கள் என்பது. பயண ஆவணத்தில் வீரர்களின் குரல் இல்லாமையையும், பின்னர் அவர்களுடைய மௌனம் குற்றமாக்கப்பட்டதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்கப் படையில் கறுப்பினத்தவருக்கெனத் தனி ரெஜிமெண்டுகள் அமைக்கப்பட்டன. 1869க்குப் பிறகு அவை நான்காக நிலைபெற்றன: 9ஆம், 10ஆம் குதிரைப்படைகளும் 24ஆம், 25ஆம் காலாட்படைகளும். வீரர்கள் கறுப்பினத்தவர்; அதிகாரிகள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். பெருநகரங்களிலிருந்து விலகிய எல்லைப்புறக் கோட்டைகளே இவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தன. 25ஆம் ரெஜிமெண்ட் 1888இல் மொன்டானாவுக்கு வந்தது. 1894இல் இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பரவியபோது இருப்புப்பாதைகளைக் காக்க இவர்கள் அனுப்பப்பட்டனர். 1896 மே மாதத்தில், 'பிரித்து வைத்தாலும் சமமே' என்னும் கோட்பாட்டை அமெரிக்க உச்சநீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் ஏற்றுக்கொண்டது. மிதிவண்டிப் படை உருவானது அதற்கடுத்த கோடையில்.

1885இல் ஸ்டார்லியின் 'ரோவர்' வண்டி, சம அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட வடிவத்தை நிலைநிறுத்தியது. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. ஐரோப்பியப் படைகள் உடனே இவ்வண்டியைச் சோதிக்கத் தொடங்கின. அங்குச் சாலைகள் நன்றாக இருந்தன. அமெரிக்க மேற்கில் சாலை என்று சொல்லத்தக்கது அரிது. ஆயினும் குதிரைக்குத் தீவனம் வேண்டும், நீர் வேண்டும், ஓய்வு வேண்டும். வண்டிக்கு அவை வேண்டா. இந்த எளிய கணக்கே மாஸை ஈர்த்தது. லூசியானாவில் பிறந்த அவர் வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் 1894ஆம் ஆண்டு வகுப்பின் கடைசி மாணவராகத் தேறியவர். தரவரிசையில் கீழிருந்தவர்களுக்கு எஞ்சும் பணியிடம் எதுவோ அதுவே அவருக்கும் கிடைத்தது. தலைமைத் தளபதி நெல்சன் மைல்ஸ் மிதிவண்டியில் ஆர்வமுடையவர் என்பதால் மாஸின் முன்மொழிவுக்கு இசைவு கிடைத்தது.

1896 கோடையில் எட்டு வீரர்களுடன் பயிற்சி தொடங்கிற்று. ஓடைகளை வண்டியுடன் கடப்பது, ஒன்பது அடி உயர வேலியை வண்டிகளோடு ஏறித் தாண்டுவது போன்றவை நாள்தோறும் நடந்தன. வேலியை 20 நொடிகளில் தாண்டும் அளவுக்கு அவர்கள் தேர்ந்தனர். ஆகஸ்டில் மிஷன் மலைத்தொடரை ஒட்டிய மெக்டொனால்ட் ஏரிக்குச் சென்று திரும்பிய 126 மைல் பயணம் முதல் ஒத்திகை. அதே மாதம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சென்று மீண்ட ஏறத்தாழ 800 மைல் பயணம் இரண்டாவது. எஃப். ஜே ஹேய்ன்ஸ் எடுத்த புகழ்பெற்ற ஒளிப்படம் இந்த யெல்லோஸ்டோன் பயணத்தோடு சேர்த்து அறியப்படுவது. மினெர்வா மொட்டைமாடி எனப்படும் வெண்சுண்ணப் படிகளின்மேல் மிதிவண்டிகளுடன் வீரர்கள் நிற்கிறார்கள். இப்படையைப் பற்றி ஒருவர் எதையேனும் பார்த்திருந்தால் பெரும்பாலும் அந்தப் படத்தைத்தான் பார்த்திருப்பார்.

1897 பயணத்துக்கான வண்டிகளை ஸ்பால்டிங் நிறுவனம் அளித்தது. மரத்தாலான சக்கர விளிம்புகள் ஈரத்தில் வளைந்துவிடும் என்பதால் எஃகு விளிம்புகள் பொருத்தப்பட்டன. வெற்று வண்டியின் எடை 32 பவுண்டு. சுமையுடன் சராசரியாக 59 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 27 கிலோ. கைப்பிடிக்கு முன்னே கம்பளியும் கூடாரத் துணியும் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. சட்டகத்தின் நடுவே பொருத்திய பெட்டியில் உணவு. இவை தவிர, பத்துப் பவுண்டு எடையுள்ள கிராக் துப்பாக்கியும் 50 தோட்டாக்களும் ஒவ்வொருவர் உடலிலும். கியர் மாற்றும் வசதி எதுவும் அந்த வண்டிகளில் கிடையாது. பழுது பார்த்தவர் ஜான் ஃபின்ட்லி என்னும் வீரர். படையில் சேருமுன் சிகாகோவில் மிதிவண்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பயணம் முழுவதும் வண்டிகள் ஓடியது இவருடைய கைத்திறனால். ஆயினும் அவருடைய பெயரின் எழுத்துக்கூட்டல்கூட ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது: ஓரிடத்தில் 'ஃபின்ட்லி', மற்றோரிடத்தில் 'ஃபின்லி'.

ஒரு நுட்பத்தை இங்கே குறிப்பிட வேண்டும். அக்காலத்து மிதிவண்டிப் போட்டிகள் தனிமனிதரின் வேகத்தை அளந்தன. படைப்பயணம் அப்படியன்று. குழு பிரியக் கூடாது. ஒருவருடைய டயரில் பஞ்சர் விழுந்தால் அனைவரும் நிற்க வேண்டும். ஒருவருக்கு வயிற்றுநோவு என்றால் அனைவருடைய வேகமும் குறையும். மாஸ் கணக்கிட்ட சராசரி வேகம் மணிக்கு ஆறு மைலுக்குச் சற்று மேல். ஓடிய நாட்களை மட்டும் எடுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 56 மைல். அந்த எண்ணில் இருபது பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்த நேரமும் அடங்கியிருக்கிறது.

முதல் வாரங்களின் பகை மழை. மொன்டானாவின் களிமண் நனைந்தால் பசைபோல ஒட்டும். டயருக்கும் சட்டகத்துக்கும் இடையே அது அப்பிக்கொள்ளச் சக்கரம் சுழலாது. சில அடிகளுக்கு ஒருமுறை நின்று குச்சியால் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. கண்டப்பிரிவு மலையை அவர்கள் கடந்தபோது ஜூன் மாதத்திலும் உறைபனிச் சேறு கிடந்தது. சாலை முற்றிலும் தோற்ற இடங்களில் இருப்புப்பாதையில் ஏறினர். ஸ்லீப்பர் கட்டைகளின்மீது வண்டி குதித்துக்கொண்டே செல்லும்; பல மைல்கள் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் இரயில்வேக்காகக் காவல் நின்றவர்கள் இப்போது அப்பாதையில் நடந்து சென்றனர்.

ஜூன் இறுதியில் கிரோ பழங்குடியினரின் நிலப்பகுதி வழியாக, 21 ஆண்டுகளுக்கு முன் ஜெனரல் கஸ்டரின் படை அழிந்த லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தை அடைந்தனர். இவ்விடத்தைப் பல நூல்கள் ஒரு வரியில் கடக்கின்றன. எனக்கோ நின்று பார்க்கத் தோன்றுகிறது. பழங்குடியினரின் நிலத்தைப் பறித்த அரசின் சீருடையை அணிந்தவர்கள் அவர்கள். அவர்களுள் வயதில் மூத்தவர்கள் அடிமைமுறை இருந்த காலத்தில் தென்மாநிலங்களில் பிறந்தவர்கள். அந்த நிலத்தைக் கடந்தபோது அவர்கள் தமக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்?

பின்னர் வயோமிங், அதைத் தாண்டித் தெற்கு டகோட்டாவின் ஒரு மூலை, அப்பால் நெப்ராஸ்கா. பயணத்தின் மிகக் கொடிய பகுதி அம்மாநிலத்தின் மணற்குன்றுகள். கணுக்கால் புதையும் மணலில் வண்டி ஓடாது. நடந்தாலும் சக்கரம் புதையும். ஏறத்தாழ 170 மைலைக் கடக்க நாலரை நாட்கள் பிடித்தன. மீண்டும் இருப்புப்பாதையே வழியாயிற்று. மழையில் நடுங்கியவர்களை இப்போது வெயில் வாட்டியது. கிடைத்த நீர் காரம் மிகுந்தது. குடித்தவர்கள் வயிற்றுநோயால் வீழ்ந்தனர். மாஸே நோயுற்றுச் சில நாள் பின்தங்க, மருத்துவர் கென்னடி படையை நடத்திச் சென்றார். மாஸ் பின்னர் இரயிலில் வந்து சேர்ந்துகொண்டார். வீரர்களுள் நோயுற்றவர்கள் பெரும்பாலும் வண்டியைத் தள்ளியபடியே நடந்தனர். உணவு முன்கூட்டியே இரயில் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தது. ஓரிடத்தில் பெறும் பங்கீடு இரண்டு நாளைக்கு மட்டுமே. தாமதம் ஆனால் பட்டினி. ஆகவே இரவிலும் நடந்தார்கள்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் சாண்டர்ஸை நினைத்துக்கொள்வேன். தென் கரோலினாவில் பிறந்து 1881இல் படையில் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 39; குழுவில் மூத்தவர். முன்பு நேர்ந்த ஒரு வெடிவிபத்தால் ஒரு கண்ணில் பார்வை குன்றியவர். மற்றவர்கள் பலர் அவரினும் பத்துப் பதினைந்து வயது இளையவர்கள். அவர்களை வரிசையில் வைத்திருப்பதும், காலையில் எழுப்புவதும், பெயர் சொல்லிக் கணக்கெடுப்பதும் அவர் பொறுப்பு.

செயிண்ட் லூயிஸுக்குள் அவர்கள் நுழைந்தபோது அந்நகரின் மிதிவண்டிக் கழகத்தினர் எதிர்கொண்டு அழைத்துச் சென்றனர். ஃபாரஸ்ட் பூங்காவில் தங்கிய படையைக் காண ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டனர். அதே தூரத்தைக் கடக்கக் காலாட்படைக்கோ குதிரைப்படைக்கோ ஆகும் காலத்தில் பாதியும், செலவில் மூன்றில் ஒரு பங்குமே ஆனதென்று மாஸ் அறிவித்தார். அங்கிருந்து செயிண்ட் பால் நகருக்கு மிதிவண்டியிலேயே செல்ல அவர் இசைவு கேட்டார்; கிடைக்கவில்லை. வீரர்கள் இரயிலில் மிசூலா திரும்பினர். வண்டிகள் நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோ வரை செல்லும் திட்டத்தை அவர் முன்வைத்தார், அதுவும் மறுக்கப்பட்டது. 1898 ஏப்ரலில் ஸ்பெயினுடனான போருக்கு 25ஆம் ரெஜிமெண்ட் அழைக்கப்பட, மிதிவண்டிப் படை அத்தோடு முடிந்தது.

மாஸின் கருத்து பொய்யாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலேயாவுக்குள் இறங்கி, மிதிவண்டிகளில் சிங்கப்பூரை நோக்கி விரைந்தது. டயர் வெடித்தால் வெற்று விளிம்பிலேயே ஓட்டினார்கள். ஆயிரக்கணக்கான தமிழர்கள் உழைத்த ரப்பர்த் தோட்டங்களின் ஊடாகச் சென்ற சாலைகள் அவை. மாஸ் அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு சாலை விபத்தில் இறந்திருந்தார்.

இனி, எழுதியவர்களைப் பற்றி. இப்பயணத்தைப் பற்றி இன்று நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் மாஸின் அறிக்கைகளிலிருந்தும் பூஸ் நாளிதழ்களுக்கு அனுப்பிய செய்திகளிலிருந்தும் வருவது. அறிக்கை மேலதிகாரிகளுக்கானது, ஆகவே டயர், எடை, வேகம், செலவு ஆகியவை அதில் விரிவாக இடம்பெறுகின்றன. செய்தி, மொன்டானாவின் வெள்ளை வாசகர்களுக்கானது. ஆகவே இடையூறுகளும் வேடிக்கைகளும். இரண்டிலும் வீரர்கள் பெரும்பாலும் பன்மையில் வருகிறார்கள். சோதனை வெற்றி பெற்றபோது பெருமை வண்டிக்குச் சென்றது. வண்டியை உந்திய உடல்களும் சோதனைக் கருவியின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டன என்பது என் வாசிப்பு. மாஸ் தம் வீரர்களின் உறுதியைப் பாராட்டியவர். முதல் உலகப்போரிலும் கறுப்பின வீரர்களின் 367ஆம் ரெஜிமெண்டுக்குத் தலைமை ஏற்றவர். அவருடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. நல்லெண்ணமுள்ள அறிக்கையும் அறிக்கைதான். அதன் வடிவம் எதைக் கேட்கிறதோ அதையே எழுத்தர் தருகிறார்.

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928 மார்ச்சில் பயணத்தை முடித்துத் திரும்பினர். அவர்களும் குடியேற்ற ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்களே. எனினும் அவர்களிடம் கல்வி இருந்தது. ஊரில் புரவலர்கள் இருந்தனர். 1931இல் தங்கள் பயணத்தைத் தாங்களே நூலாக எழுதினர். நேரு முன்னுரை தந்தார். வழியில் என்ன உண்டோம், எதற்கு அஞ்சினோம் என்று தன்மைப் பன்மையில் சொல்லும் உரிமை அவர்களுக்கு வாய்த்தது. மணற்குன்றுகளில் நடந்த இருபது பேருக்கு அது வாய்க்கவில்லை.

மொழியியல் மாணவர்களுக்கு நினைவுக்கு வரக்கூடிய மற்றோர் ஆவணம், முதல் உலகப்போரின்போது பெர்லின் அருகே போர்க்கைதிகள் முகாமில் இந்தியப் படைவீரர்களின் பேச்சைப் பதிவுசெய்த ஒலித்தட்டுகள். வில்ஹெல்ம் டோகனும் அவருடைய குழுவினரும் அவற்றைப் பதிவுசெய்தது ஒலியமைப்பை ஆராய்வதற்காக. பேசியவர் என்ன சொன்னார் என்பது அவர்களுடைய முதன்மைக் கேள்வியன்று. ஆயினும் குரல் எஞ்சியது. இன்று அத்தட்டுகளில் வீட்டு நினைவும் ஊர் ஏக்கமும் கேட்கின்றன. 25ஆம் ரெஜிமெண்டின் பயணத்துக்கு அப்படி ஒரு தற்செயல் வரவும் இல்லை.

1898இல் இந்த ரெஜிமெண்ட் கியூபாவில் எல் கேனி போரில் பங்கேற்றது. பின்னர் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பப்பட்டது. சாண்டர்ஸ் இரண்டிலும் இருந்தார். கியூபாவில் தியடோர் ரூஸ்வெல்ட்டின் தன்னார்வப் படை உணவின்றித் தவித்தபோது, அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தம் கம்பெனியின் கெட்டி ரொட்டியைப் பகிர்ந்து கொடுத்ததாக சாண்டர்ஸ் பின்னாளில் சொன்னார். 1906இல் அந்த ரூஸ்வெல்ட் அமெரிக்காவின் அதிபர். சாண்டர்ஸ் பி கம்பெனியின் முதல் சார்ஜெண்ட்.

அவ்வாண்டு ஜூலையில் ரெஜிமெண்டின் மூன்று கம்பெனிகள் டெக்சஸ் மாநிலத்தின் பிரௌன்ஸ்வில் நகரை ஒட்டிய கோட்டைக்கு மாற்றப்பட்டன. நகரத்தார் அவர்களை வெறுத்தனர். ஆகஸ்ட் 13 நள்ளிரவை ஒட்டி நகரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மதுக்கடைப் பணியாளர் ஒருவர் இறந்தார். காவல் அதிகாரி ஒருவர் கையை இழந்தார். பழி வீரர்கள்மீது விழுந்தது. எவரையும் குற்றம் சாட்டப் போதிய சான்று உள்ளூர் நடுவர் குழுவுக்குக் கிடைக்கவில்லை. அந்நிலையில் படையின் தலைமை ஆய்வாளர் கார்லிங்டன் வந்து, குற்றவாளிகளைக் காட்டிக்கொடுக்காவிட்டால் அனைவரும் நீக்கப்படுவர் என்று அறிவித்தார். தமக்கு ஒன்றும் தெரியாது என்றே அனைவரும் சொன்னார்கள். அவ்விடையை அவர், உண்மையை மறைக்க வீரர்கள் செய்துகொண்ட கூட்டுச் சதி என்று கொண்டார். 'தெரியாது' என்பது பொருள் முற்றிய ஒரு வாக்கியம். அதைப் பேச்சாக ஏற்காமல், பேச மறுத்தலாக எழுதிக்கொள்ளும் அதிகாரம் கேட்பவரிடம் இருந்தது.

1906 நவம்பர் 5 தேதியிட்ட ஆணையால் 167 பேர் நீக்கப்பட்டனர். நாடாளுமன்றத் தேர்தல் முடியும்வரை அச்செய்தி வெளியிடப்படவில்லை. விசாரணை மன்றம் இல்லை. தனித்தனிக் குற்றச்சாட்டு இல்லை. கறுப்பினப் பெண்ணியச் செயற்பாட்டாளர் மேரி சர்ச் டெரல் போர்த்துறைச் செயலர் டாஃப்டை நேரில் சந்தித்து முறையிட்டார். ஆணை சிறிது நேரமே நிறுத்தி வைக்கப்பட்டது. சாண்டர்ஸ் வாஷிங்டனுக்கே சென்று மன்றாடினார். 26 ஆண்டுப் பணி அவருடையது. ஓய்வூதியம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அது போயிற்று. டெரல் 1907இல் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் பெயர் 'சாண்டர்ஸ்' என்றில்லாமல் 'சாண்டர்ஸு'க்கு இன்னொரு எழுத்துக்கூட்டலில், ஒரு 'யு' கூடி நிற்கிறது. நூலகத் தேடலில் இவரைத் தேடுவோர் இரு வடிவங்களிலும் தேட வேண்டும்.

நீக்க ஆணையின் சொல்லாட்சி தனியே கவனிக்கத்தக்கது. ஆங்கிலப் படைச்சட்டத்தில் 'டிஸ்ஹானரபிள் டிஸ்சார்ஜ்' என்பது தண்டனை. படைநீதிமன்றம் விசாரித்து விதிக்க வேண்டும். இந்த 167 பேருக்கும் தரப்பட்டது 'டிஸ்சார்ஜ் வித்தவுட் ஆனர்'. முன்னதை 'இழிவோடு நீக்கம்' என்றும் பின்னதை 'மதிப்பின்றி விடுவிப்பு' என்றும் தமிழில் சொல்லலாம். முன்னது ஒன்றைச் சுமத்துகிறது: இழிவு. அதைச் சுமத்தச் சான்று வேண்டும். பின்னது ஒன்றின் இன்மையை மட்டும் குறிக்கிறது. இன்மைக்குச் சான்று கேட்பாரில்லை. எனவே அது தண்டனையே அன்று, வெறும் நிருவாக நடவடிக்கை என்று அரசு வாதிட முடிந்தது. ஆயினும் ஓய்வூதியம் போயிற்று, மீண்டும் படையில் சேரும் உரிமை போயிற்று, வேறு அரசுப்பணிக்கும் வாயில் அடைபட்டது. ஒரு வேற்றுமைத் தொடருக்கும் ஒரு முன்னொட்டுக்கும் உள்ள இலக்கண இடைவெளியில் 167 குடும்பங்களின் பிழைப்பு கரைந்தது.

செனட்டர் ஃபோரேக்கரின் விடாமுயற்சியால் செனட் சபையின் படைத்துறைக் குழு 1907இல் விசாரணை தொடங்கியது. குழுவின் பெரும்பான்மையினர் அதிபரின் பக்கமே நின்றனர். பின்னர் அமைந்த ஒரு விசாரணை மன்றம் 14 பேரை மட்டும் மீண்டும் சேர அனுமதித்தது. சாண்டர்ஸ் அவர்களுள் ஒருவர் அல்லர். 1912 தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து, டாஃப்டுக்காக மேடையேறினார். 1929இல் இறந்தார்.

ஜான் வீவர் 1970இல் பிரௌன்ஸ்வில் நிகழ்வைப் பற்றி எழுதிய நூல் வழக்கை மறுபடி திறந்தது. கலிஃபோர்னியாவின் நாடாளுமன்ற உறுப்பினர் அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் அதைக் கையிலெடுத்தார். 1972 செப்டம்பரில் படைத்துறை அந்த விடுவிப்புகளை 'மதிப்புடன்' என்று திருத்தியது. நிலுவை ஊதியமோ ஓய்வூதியமோ இல்லை. நீக்கப்பட்டபடியே வாழ்ந்தவர்களுள் அப்போது உயிரோடிருந்தவர் டார்சி வில்லிஸ். மினியாபொலிஸில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் காலணி துடைத்துப் பிழைத்தவர். அவருக்கு மறு ஆண்டு 25,000 டாலர் வழங்கப்பட்டது. 1974இல் மொன்டானாவிலிருந்து ஒரு மாணவர் குழு மிசூலா முதல் செயிண்ட் லூயிஸ் வரை மிதிவண்டியில் சென்று பழைய பயணத்தை நினைவுகூர்ந்தது.

பயணத்தைப் பற்றி சாண்டர்ஸை எவரும் விரிவாகக் கேட்டதில்லை. பிரௌன்ஸ்வில் பற்றிக் கேட்டார்கள். ஆகவே அவர் பேச்சு எஞ்சியிருக்கும் இடம் செனட் குழுவின் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகள். உரையாடல் பகுப்பாய்வில் ஈடுபடும் மாணவர்கள் அவற்றை எடுத்துப் படிக்கலாம். வினாக்களெல்லாம் வினவுவோரின் சொற்களில் அமைந்தவை, விடைகள் சுருக்கெழுத்தாளரின் கைவழியே வந்தவை என்ற எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அங்கே அவர் சொல்வதன் சாரம் இது. துப்பாக்கி ஒலி கேட்டு எழுந்தேன். கம்பெனியை வரிசையில் நிறுத்தினேன். இருட்டாக இருந்ததால் விளக்கின் ஒளியில் பட்டியலைப் பார்த்துப் பெயர்களைப் படித்தேன். இருக்க வேண்டியவர்கள் அனைவரும் இருந்தார்கள்.